கேரிகஃபாயில் கோட்டையைச் சிதைத்தது காலமன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளியான அயர்லாந்துப் பயணக் கட்டுரையில், கெர்ரி மாவட்டத்துக் கேரிகஃபாயில் கோட்டையின் படத்துக்குக் கீழே 'காலத்தால் சிதைந்த அரண்மனை' என்று அச்சிட்டிருந்தீர்கள். அது அரண்மனையும் அன்று. அதைச் சிதைத்தது காலமும் அன்று.

ஷானன் ஆற்றின் கழிமுகத்தில், பாலிலாங்ஃபோர்ட் ஊருக்கு அருகே நிற்கும் இந்த ஐந்தடுக்குக் கோபுர வீட்டை 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓ'கானர் குடித்தலைவர்கள் கட்டினார்கள். இத்தகைய கோபுர வீடுகள் அக்காலத்து அயர்லாந்தெங்கும் இருந்தன. குறுநிலத் தலைவர்களும் வசதி படைத்த நிலக்கிழார்களும் அவற்றில் குடும்பத்தோடு குடியிருந்தார்கள். தடித்த சுவர், அம்பெய்யும் அளவே திறந்த சாளரம், ஒருவர் பின் ஒருவராகவே ஏறக்கூடிய சுழற்படிக்கட்டு ஆகியவை யாவும் அண்டைக் குடியினரின் மாட்டுக்கொள்ளையையும் சிறு படைகளையும் தடுப்பதற்குப் போதுமானவையாக இருந்தன. கேரிகஃபாயிலுக்கோ சுற்றியிருந்த நீரும் அரணாயிற்று. லிமெரிக் துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல்களை அங்கிருந்தே மறிக்க முடிந்தது.

அந்த நீர்வழியாகவே அழிவும் வந்தது. தென்மேற்கு அயர்லாந்தின் பெருநிலத் தலைவரான டெஸ்மண்ட் பிரபு இங்கிலாந்தின் எலிசபெத் அரசிக்கு எதிராகக் கிளர்ந்த போரில் இக்கோட்டை அவர் தரப்பில் நின்றது. இத்தாலியப் பொறியாளரான கேப்டன் ஜூலியனின் தலைமையில் ஐம்பது அயர்லாந்து வீரர்களும் பதினாறு ஸ்பானியர்களும், அவர்களோடு பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருந்தார்கள். 1580-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அரசியின் தரப்பில் வில்லியம் பெல்ஹாம் தரைவழியே படையைக் கொண்டுவந்து நிறுத்த, ஆங்கிலக் கடற்படைத் தளபதி வில்லியம் விண்டரின் கப்பல்கள் கழிமுகத்தில் நங்கூரமிட்டன. கப்பற்பீரங்கிகளின் முன் அந்தச் சுவரால் இரண்டு நாள்தான் தாங்க முடிந்தது. சுவர் பிளந்து சரிந்தபின் உயிரோடு அகப்பட்டவர்களும் வாளுக்கோ தூக்குக்கயிற்றுக்கோ தப்பவில்லை. இந்தச் செய்தி பரவியதும், டெஸ்மண்டின் முக்கியக் கோட்டையான ஆஸ்கீட்டனில் இருந்தவர்கள் முற்றுகைக்குக் காத்திராமல் வெளியேறினார்கள். 1583-இல் பிரபு கொல்லப்பட்டார். பறிக்கப்பட்ட அவருடைய பெருநிலங்களில் ஆங்கிலேயர் குடியேற்றப்பட்டனர்.

தங்கள் படத்தில் கோபுரத்தின் ஒரு பக்கம் உச்சியிலிருந்து கீழ்வரை திறந்து கிடப்பதும், மற்றச் சுவர்கள் இன்றும் உறுதியாக நிற்பதும் தெளிவாகத் தெரிகின்றன. மழையும் காற்றும் மட்டுமே காரணமென்றால் சேதம் இவ்வாறு ஒரே பக்கத்தில் அமைந்திராது. அங்கே கொல்லப்பட்டவர்களைக் குறித்து ஒரு வரியும் எழுதாமல் அழகிய இடிபாடு என்று மட்டும் வியப்பது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்தி, 1580 முற்றுகையையும் அதில் இடம்பெறச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்