மோலோய் என்றால் வோக்சோய்தான்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் நார்வேக் கடற்கரைகளைப் பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. ரெஃப்விக் மணல் கடற்கரையின் படத்தைத் தமிழ்ப் பத்திரிகையில் பார்த்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் படத்துக்குக் கீழே ‘ஃப்ளோரோ நகரின் புறநகர்ப் பகுதி’ என்று போட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் 1989ஆம் ஆண்டு மீன் தொழிற்சாலை வேலைக்காக, ரெஃப்விக் இருக்கும் அதே வோக்சோய் தீவிலுள்ள மோலோய் என்ற ஊருக்கு வந்தவள். முப்பது வருடங்களுக்கு மேல் கும்பளாவும் சில்டும் பெட்டி பெட்டியாக இந்தக் கைகளைக் கடந்து போயிருக்கின்றன. சில்ட் நமது சூடை மீனுக்குச் சொந்தக்காரன் மாதிரி, அளவில் பெரியது. நான் வந்தபோது இந்த ஊரின் கொம்யூனுக்கு, அதாவது உள்ளூராட்சிக்கு, வோக்சோய் என்று பெயர். இன்று அரசாங்க வரைபடத்தில் அந்தப் பெயரில் ஒரு தீவு இருக்கிறது, கொம்யூன் இல்லை. 2020 ஜனவரி 1 முதல் வோக்சோயும், ஃப்ளோரோ நகர் இருந்த ஃப்ளோரா கொம்யூனும் ஒன்றாகி, ‘ஷின்’ என்ற புதிய கொம்யூன் ஆகிவிட்டன. எழுதும்போது ‘கின்’ போலத் தெரியும், உச்சரிப்பு ஷின்னுக்குத்தான் கிட்ட வரும். ஃப்ளோரோவுக்கு வெளியே கடலில் நிற்கும் ஒரு தீவின் பெயர் அது.

ஃப்ளோரோவின் புறநகராக இந்த ஊர் இருக்கவே முடியாது. இரண்டுக்கும் நடுவில் ப்ரெமாங்கர் என்ற இன்னொரு கொம்யூன் முழுசாகப் படுத்திருக்கிறது. ஒரே கொம்யூனின் இரண்டு துண்டுகளுக்கு நடுவே வேறொரு கொம்யூன். ஃப்ளோரோவிலுள்ள அலுவலகத்துக்குக் காரில் போவதென்றால் அடுத்தவர் மண்ணைத் தாண்டித்தான் போகவேண்டும். இல்லையென்றால் விரைவுப் படகு.

வோக்சோய் என்ற கொம்யூனும் ஆதியிலிருந்தே இருந்ததல்ல. 1910இல் செல்யே கொம்யூனிலிருந்து வட வோக்சோய், தென் வோக்சோய் என இரண்டு பிரிந்தன. 1950களின் கடைசியில் நார்வேயில் 744 கொம்யூன்கள் இருந்தன, 1967க்குள் அவை 454 ஆகக் குறைந்தன. அந்த அலையில்தான், 1964இல், வடக்கும் தெற்கும் சேர்ந்தன. அக்கம்பக்கத்திலிருந்து சில நிலத்துண்டுகளும் வந்து சேர்ந்து, இப்போது நாங்கள் இழந்திருக்கும் வோக்சோய் உருவானது. 56 வருடம் வாழ்ந்த கொம்யூன். என் இரண்டு பிள்ளைகளையும் பெற்றெடுத்த ஆஸ்பத்திரி வேறு ஊரில் இருந்தது. ஆனால் இங்கே தாய் குடியிருக்கும் கொம்யூன்தான் பிறந்த இடமாகப் பதிவாகும். அதனால் இருவருக்கும் பிறந்த இடம் வோக்சோய். மகள் அதை எங்கேயாவது எழுதும்போதெல்லாம், “அது எங்கே இருக்கிறது?” என்று கேட்கிறார்களாம்.

அது எங்கே இருக்கிறது என்று நானே சொல்கிறேன். நார்வேயின் மேற்குக் கரையில், நூர்ஃப்யோர்ட் கடலோடு சேரும் வாயில் இருக்கிறது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் உல்வெசுந் என்ற நீரிணை. வடக்கே ஸ்டாட் கடல், நார்வே மாலுமிகள் மிகவும் பயப்படும் இடங்களில் ஒன்று. அங்கே அலை தணியும்வரை இந்த நீரிணையில் கப்பல்கள் காத்துக் கிடப்பதைத் தொழிற்சாலை யன்னலால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தீவைச் சுற்றி மட்டும் நான்கு வெளிச்சவீடுகள் உண்டு. 1906இல் கட்டிய க்ரோக்கெனெஸ் வெளிச்சவீட்டின் பக்கத்தில் காற்றடிக்கும் நாளில் பிள்ளைகளைக் கையை விட்டு நடக்கவிட முடியாது. ஒப்பெடாலில் கன்னெஸ்டைனென் என்று ஒரு கல் இருக்கிறது. அலையும் உருளும் கற்களும் ஆயிரக்கணக்கான வருடங்களாக அதன் அடியைத் தேய்த்துத் தேய்த்து, காளான் மாதிரி நிற்க வைத்திருக்கின்றன. சிலருக்கு அது திமிங்கிலத்தின் வாலாகத் தெரியும். எனக்குக் காளான்தான்.

அப்புறம் பாலம். 1973இல் அது திறக்கப்படும்வரை தீவுக்குப் படகில்தான் வரவேண்டும். 1,224 மீட்டர் நீளம், வளைந்து போகும். காற்று ஒரு குறிப்பிட்ட பக்கத்திலிருந்து வந்தால் பாலம் பாடும், மேற்கத்திய இசையில் மேல் ‘சி’ என்று சொல்லும் சுரத்தில். வந்த முதல் பனிக்காலத்தில், இரவு வேலை முடிந்து வரும்போது அந்தச் சத்தம் கேட்டு நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த நோர்வேஜிய அக்கா என் கையைப் பிடித்து, பாலத்தைக் காட்டிச் சிரித்தார். அப்போது எனக்கு மொழி தெரியாது.

1941 டிசம்பர் 27ஆம் தேதியையும் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். மோலோய் என்பது முதலில் வோக்சோயை ஒட்டியிருந்த ஒரு குட்டித் தீவின் பெயர். அதில் ஜெர்மானியர் பீரங்கிகளை வைத்திருந்தார்கள். அன்று காலை ‘கென்யா’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அவற்றைச் சுட, கமாண்டோக்கள் கரையேறித் தெருத்தெருவாகச் சண்டையிட்டார்கள். மீன் எண்ணெய்த் தொழிற்சாலைகளை உடைத்தார்கள். மீன் எண்ணெயிலிருந்து எடுக்கும் கிளிசரின் வெடிமருந்துக்குப் போனதுதான் காரணம். அந்தச் சண்டையில், ஜெர்மானியத் தலைமையகமாக இருந்த உல்வெசுந் ஹோட்டலைத் தாக்கும்போது, நார்வேக் கப்டன் மார்ட்டின் லிங்கே இறந்தார். அவருடைய படைப்பிரிவை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். அவர் நினைவுச் சின்னத்தைத் தாண்டித்தான் நான் கடைக்குப் போவேன். போரை விட்டு ஓடிவந்த எனக்கு, மீன் வெட்டும் ஊரிலும் இப்படியொரு நாள் நடந்திருக்கிறது என்று தெரிந்தபோது, அந்தத் தெருக்கள் அதன்பின் வேறு மாதிரித் தெரிந்தன.

2020இல் ஓலசுந் கொம்யூனோடு சேர்க்கப்பட்ட ஹாராம் என்ற கொம்யூன், 2024 ஜனவரியில் பிரிந்து மறுபடி தனிக் கொம்யூன் ஆகிவிட்டது. எங்களுக்கும் அப்படியொரு நாள் வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கிடையில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ரெஃப்விக் படம் போட்டால், கீழே ‘வோக்சோய் தீவு’ என்று எழுதுங்கள். திருத்தம் வெளியிட்டால் ஒரு பிரதி எனக்கு அனுப்பிவையுங்கள். தபால் எண் பழையதுதான்: 6700 மோலோய்.

இப்படிக்கு,
வோக்சோய் வாசகி ஒருவர்