மவுண்ட் ஹேகனிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருக்குள் அன்பின் வாழ்த்துகள். நான் நலமாயிருக்கிறேன், உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். சென்ற வாரம் தொலைபேசியில், "மலைக்கு நடுவே சின்ன விமானத்தில் போய் இறங்குவதெல்லாம் உயிரைப் பணயம் வைக்கிற வேலை இல்லையா தம்பி?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லவும் முடியாது. ஆகவேதான் இந்தக் கடிதம்.

நான் விமானங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் மவுண்ட் ஹேகன், பாப்புவா நியூ கினியின் நடுமலைநாட்டில், கடல் மட்டத்துக்கு 1,600 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. கடற்கரையிலுள்ள லாயே துறைமுகத்திலிருந்து இங்கே வர ஒரு நெடுஞ்சாலை உண்டு. தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து சாலையே கிடையாது. ஹேகனைத் தாண்டி உள்ளே போனால், ஒரு முகட்டில் நிற்பவன் எதிர் முகட்டில் எழும் அடுப்புப் புகையைப் பார்க்கலாம். ஆனால் அங்கே போய்ச் சேர, ஆற்றுவரை இறங்கி மறுபடியும் ஏற ஒரு முழுப் பகல் போய்விடும். இந்த ஒரு நாட்டுக்குள் 800க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கக் காரணம் என்ன என்பது அந்த முகட்டில் நின்றால் தானாகவே விளங்குகிறது. இங்குள்ள பொதுமொழியான டோக் பிசினில் விமானத்துக்குப் பெயர் 'பாலுஸ்'. புறாவுக்கும் அதே சொல்தான். விமானம் இறங்கும் இடம் 'பிளெஸ் பாலுஸ்'.

சாலைக்கு முன்பே விமானம் வந்துவிட்ட நாடு இது. 1930களில் புலோலோ தங்க வயலுக்கு வேண்டிய தூர்வாரும் எந்திரங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, லாயேயிலிருந்து யுங்கர்ஸ் விமானங்களில் ஏற்றிப்போய் அங்கே பூட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், போர் விமானம் ஓட்டிய சிலர் அதே திறமையை மிஷனெரிப் பணிக்குக் கொடுக்க முன்வந்தார்கள். அப்படிப் பிறந்த மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப்பின் முதல் பறப்பை 1946இல் மெக்சிகோவுக்கு ஓட்டியவர் பெட்டி கிரீன் என்னும் பெண்மணி என்பதை இங்கு வந்த பிறகே அறிந்தேன். இந்த நாட்டில் அந்த ஊழியம் 1951இல் தொடங்கியது. தொடங்கிய அதே ஆண்டில் ஹாரி ஹார்ட்விக் என்ற விமானி தன் ஆஸ்டர் விமானத்தோடு மலையில் மோதி இறந்தார். அப்பா, ஆபத்து இல்லை என்று நான் உங்களுக்கு எழுதப் போவதில்லை. அந்த ஆபத்தை இங்குள்ளவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன்.

ஒரு மலையூரில் சக்கரம் பழுதாகி நின்ற விமானத்துக்கு மாற்றுச் சக்கரம் கொண்டுபோகும்போதுதான் நான் முதன்முதலாக விமானியின் அருகில் அமர்ந்து பறந்தேன். பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் அவர் நடுவில் பறக்காமல் வலப்பக்க மலைச்சுவரை ஒட்டியே போனார். முன்னால் மேகம் அடைத்திருந்தால் திரும்புவதற்குப் பள்ளத்தாக்கின் முழு அகலமும் கையில் இருக்கவேண்டும். நடுவில் பறப்பவனுக்குப் பாதி அகலமே மிஞ்சும் என்றார். பிறகு ஓடுதளம் கண்ணில் பட்டது. சுவரில் சாய்த்து வைத்த பச்சைப் பலகைபோல இருந்தது. நூறு மீட்டர் ஓடினால் பத்து மீட்டர் உயரும் அந்தப் புல்வெளியின் மேல்முனையில் செங்குத்தாக மலை நிற்கிறது. ஆகையால் இறங்குவது எப்போதும் மேட்டை நோக்கி, எழும்புவது எப்போதும் பள்ளத்தை நோக்கி. காற்று எந்தத் திசையில் அடித்தாலும் இதில் மாற்றம் இல்லை. இப்படி ஏறுமுகமாக இருக்கும் தளம் கண்ணை ஏமாற்றும். உண்மையில் சரியான உயரத்தில் வந்தாலும் மிக உயரத்தில் வருவதாகத் தோன்றும். அதை நம்பித் தாழ்ந்தவன் தளத்தின் விளிம்புக்குக் கீழேயே மோதுவான். தகரக் கூரை போட்ட ஒரு சிறிய ஆலயத்தைக் காட்டி, "இதைத் தாண்டிவிட்டால் இறங்கியே ஆகவேண்டும், மறுபடி எழும்ப இடமில்லை" என்றார் விமானி. ஆலயத்துக்கு முன்பே வேகம், உயரம், தளத்தின் நிலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்தார். சக்கரம் புல்லைத் தொட்டபின் எஞ்சினைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டினார், இல்லாவிட்டால் மேட்டில் ஏறாது. உச்சிக்குப் போனதும் விமானம் பின்னோக்கி உருளாதபடி குறுக்கே திருப்பி நிறுத்தினார்.

அங்கே இறங்கியவுடன் முதலில் வெளியே வந்தது தராசு. உயரமான இடத்தில் காற்று மெலிந்திருக்கும். வெயில் ஏற ஏற இன்னும் மெலியும். இறக்கைக்கும் எஞ்சினுக்கும் பலம் குறையும். ஒவ்வொரு தளத்திலிருந்தும் எவ்வளவு எடையோடு எழும்பலாம் என்பதற்கு எழுதிவைத்த அளவு உண்டு. ஆகவே மனிதரும் மூட்டையும் ஒன்றுவிடாமல் நிறுக்கப்படுகிறார்கள். நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் 'பிலும்' என்ற வலைப்பையைத் தொங்கவிட்டிருந்த ஒரு பாட்டி, பையை இறக்காமலே தராசில் ஏறி நின்றார். பை நிறைய சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அவரை ஏற்றுவதற்காக வேறொருவருடைய காப்பிக்கொட்டை மூட்டை இரண்டைக் கீழே இறக்கவேண்டியதாயிற்று. மாதக்கணக்கில் உழைத்த காப்பி அது. அந்த மனிதர் முகம் வாடியதைப் பார்த்தேன், விமானியும் பார்த்தார். இருந்தும் கூட்டல் கணக்கை மாற்றவில்லை.

இனி எழுதப்போவது எனக்கு எளிதாக வரவில்லை. போன மாதம் ஒரு நாள் பிற்பகல், இரண்டு நாளாகப் பிள்ளைபெற முடியாமல் ஒரு தாய் தவிப்பதாக ஒரு மருத்துவ நிலையத்திலிருந்து ரேடியோவில் செய்தி வந்தது. காலையில் தெளிவாக இருக்கும் மலைகள், நண்பகலுக்குமேல் மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொள்ளும். விமானி உடனே புறப்பட்டார். சக்கரம் உருளாமல் தடுத்து வைத்திருந்த கட்டையை நான்தான் எடுத்துவிட்டேன். முக்கால் மணி நேரத்தில் விமானம் திரும்பி வந்தது, உள்ளே யாரும் இல்லை. இரு முகடுகளுக்கு நடுவிலுள்ள கணவாயின் மறுபக்கம் தெரியவில்லை. தெரியாவிட்டால் உள்ளே போகக்கூடாது என்பது விதி. அவர் நெடுநேரம் இருக்கையை விட்டு இறங்கவில்லை. மறுநாள் விடியலில் மறுபடி போய் அந்தத் தாயை அழைத்துவந்தார். அறுவை செய்து தாயைக் காப்பாற்றினார்கள், குழந்தை பிழைக்கவில்லை. முந்தைய நாளே வந்திருந்தால் என்று நான் அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மறைந்த கணவாய்க்குள் நுழைந்திருந்தால் அந்தத் தாயைக் கொண்டுவர விமானமும் இருந்திராது, விமானியும் இருந்திருக்கமாட்டார். இரண்டும் உண்மை என்று தெரிந்தும் மனம் ஆறவில்லை. இங்கே துணிச்சல் வேண்டியது உள்ளே போவதற்கு மட்டுமல்ல அப்பா, இப்படித் திரும்பி வருவதற்கும்தான்.

என் பங்கையும் சொல்லவேண்டும். எங்கள் விமானங்கள் ஒற்றை டர்பைன் எஞ்சின் பூட்டிய செஸ்னா கேரவன். விமானப் பெட்ரோல் இந்தப் பக்கம் கிடைப்பது அரிது. கேரவன் பெரிய ஜெட் விமானங்கள் குடிக்கும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளிலேயே ஓடும். மாலையில் அவை ஹேங்கர் என்னும் விமானக் கொட்டகைக்குத் திரும்பியதும் சேற்றைக் கழுவி, பிரேக்கையும் சக்கரத்தையும் பார்த்துவிட்டு, நான் முன்னால் சுழலும் புரொப்பெல்லருக்கு வருவேன். தளத்துச் சரளைக்கல் தெறித்து அதன் விளிம்பில் சிறு வெட்டுகள் விழும். கண்ணுக்குத் தப்புவது நகத்துக்குத் தப்பாது. விளிம்பின் மேல் கட்டைவிரல் நகத்தை மெல்ல இழுத்துக்கொண்டே போகும்போது சட்டென்று ஓரிடத்தில் தட்டும். அந்த வெட்டை அப்படியே விட்டால், சுழலும் வேகத்தில் அதிலிருந்து விரிசல் ஓடும். மெல்லிய அரம் கொண்டு, பக்கத்து உலோகத்தோடு வழவழப்பாகச் சேரும்வரை ராவிவிடுவேன். ஒருமுறை வெட்டின் ஆழம் அனுமதித்த அளவைக் கடந்திருந்தது. மறுநாள் மூன்று ஊர்களுக்குத் தடுப்பூசி போகவேண்டியிருந்தும், விமானம் பறக்கலாம் என்று நான் கையெழுத்துப் போட மறுத்தேன். ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. விமானி என் தோளைத் தட்டிவிட்டு, பயணத்தை ரத்துசெய்ய ரேடியோவை நோக்கி நடந்தார்.

மலையூர்களிலும் இதே கவனம் உண்டு. மழை பெய்த இரவின் மறுகாலை, தளத்தைக் கவனிக்கும் ஊர்க்காரர் மேலிருந்து கீழ்வரை நடந்து, அங்கங்கே குதிகாலை ஊன்றி மண் எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்த்து, ரேடியோவில் சொல்வார். அவருடைய சொல்லை நம்பித்தான் இங்கிருந்து விமானம் எழும்பும். ஆண்கள் நீண்ட கத்தியால் புல் வெட்டுகிறார்கள். பெண்களும் பிள்ளைகளும் வரிசையாகக் குனிந்து கல் பொறுக்குகிறார்கள். பராமரிக்க ஆளில்லாமல் புதர் மண்டி மூடிப்போன தளங்களும் உண்டு. அப்படிப்பட்ட ஊர்களுக்கு மறுபடியும் நடந்தே போகவேண்டியதுதான். அவற்றுக்காக நீங்கள் ஜெபிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாவிடம் இதில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை உங்களிடமே விடுகிறேன். நாளை காலை ஆறரை மணிக்கு, அந்தத் தாயை அவள் ஊருக்குத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். விமானம் இப்போது ஹேங்கரில் நிற்கிறது. சக்கரங்கள் முடிந்தன. புரொப்பெல்லர்தான் பாக்கி; இந்தக் கடிதத்தை ஒட்டிவிட்டுப் போய்ப் பார்க்கவேண்டும்.

உங்கள் அன்பு மகன்