ஓவிய வகுப்பில் மாணவர் விருப்பம்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கரும்பலகையில் நான் வரைந்த மாம்பழத்தையே வகுப்பு முழுவதும் பார்த்து வரைவதுதான் பல ஆண்டுகளாக எங்கள் ஓவிய வகுப்பாக இருந்தது. சென்ற பருவத்தில் வண்ணம், களிமண், காகிதக்கூழ் என மூன்று மேசைகள் அமைத்து, எதைச் செய்வது என்பதை மாணவரிடமே விட்டபோது, தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துப் படகைக் களிமண்ணில் வனைந்த சிறுவன் ஒருவன், மூன்று முறை உடைந்த அணியத்தை, அதாவது படகின் முன்பகுதியை, தானே யோசித்து நிலைநிறுத்தினான்.

அறை அழுக்காகிறது, கண்காட்சிக்கு நேர்த்தியான படங்கள் கிடைப்பதில்லை என்ற நிர்வாகத்தின் கவலை நியாயமானதே. ஆயினும், செய்த பொருளுக்கு அருகில் மாணவர் எழுதிய செய்முறைக் குறிப்பையும் வைத்தால், அவர் கற்றது பெற்றோருக்குப் புலப்படும். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர்க் காகிதக்கூழ்க் கலைக்கும் புவிசார் குறியீடு பெற்ற புதுச்சேரியில், ஓவிய வகுப்புக்கு வாரந்தோறும் அடுத்தடுத்த 2 பாடவேளைகளையும், பாதியில் நிற்கும் வேலைகளைப் பாதுகாக்க ஓர் அலமாரியையும் பள்ளிகள் வழங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியை ஒருவர், புதுச்சேரி