முப்பதாயிரத்தை அப்படியே கொடுத்துவிடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

துரைப்பாக்கத்தில் இடம் கிடைத்ததில் சந்தோஷம். நான்கு பேர், இரண்டு பெட்ரூம், வாடகை 24,000, அட்வான்ஸ் 1,20,000. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய சென்னையில் இது பரவாயில்லை. 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் செல்லும் என்று வழியும் விட்டிருக்கிறது. அப்புறம் எந்த ஓனர் மூன்றோடு நிற்பார்?

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். யாருடைய இடத்துக்கு நீ போகிறாயோ, அந்தக் கிளம்புகிறவர் அட்வான்ஸில் தன் பங்கு 30,000-ஐ உன்னிடமே வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். பேச்சலர் வீடுகளில் இதுதான் வழக்கம், தப்பில்லை. ஆனால் வீட்டைக் காலி செய்யும் அன்று பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையை ஓனர் பிடித்துக்கொள்வார். தலைக்கு 6,000. இரண்டு வருடம் சுவரில் ஆணியடித்து, எண்ணெய்த் தலையைச் சாய்த்து உட்கார்ந்தவர் அந்தக் கிளம்புகிறவர். பணத்தை இழப்பது நீ. அந்த ஆறாயிரத்தில் பாதியைக் கழித்து 27,000 தருகிறேன் என்று சொல். ‘நான் வந்தபோது முழுசாகத்தானே கொடுத்தேன்’ என்பார். அது அவருக்கு முன்னால் இருந்தவரிடம் அவர் பேசியிருக்க வேண்டிய கணக்கு.

அக்ரிமென்ட் யார் பெயரில் இருக்கிறது என்றும் பார். ஒருவர் பெயரில் மட்டும் என்றால், அட்வான்ஸ் திரும்புவது அவர் கைக்குத்தான். மற்ற மூவரும் ஓனருக்கு யாரோ. பணத்தை ரொக்கமாகத் தராமல் ஜிபேயில் போடு. தொகையை நால்வரும் இருக்கும் வாட்ஸப் குரூப்பில் எழுதி, அக்ரிமென்ட்காரரை ‘சரி’ சொல்ல வை.

வாடகையை ஆளுக்கு 6,000 என்று வகுப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஓர் அறையில் பாத்ரூமும் பால்கனியும் இருக்கிறது, இன்னொன்றில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். இரண்டு பேர் சேர்ந்து இரண்டு அறைக்கும் வாடகை சொல்லட்டும். மற்ற இருவர் அறையைத் தேர்ந்தெடுக்கட்டும். 13,500, 10,500 என்று சொல்கிறவர்களுக்கு எந்த அறை மிஞ்சும் என்று தெரியாது. அதனால் இஷ்டத்துக்கு ஏற்றிச் சொல்ல மாட்டார்கள்.

இபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும், யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும். ஏசி அறையில் ஓடிய யூனிட்டைத் தனியாகக் காட்ட ஒரு சப் மீட்டர் போட்டுவிடுங்கள். தண்ணீர் கேன், வைஃபை, கேஸ் எல்லாம் சமமாகவே போகட்டும். அதிலும் கணக்குப் பார்த்தால் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது.

சனிக்கிழமை பணம் கொடுக்கும்போது அவரிடம் இருக்கும் சாவியைக் கையோடு வாங்கிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்