மூடி கழண்ட மாத்திரை

ஏ புள்ள, எப்படி இருக்க? உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, இன்னைக்குதான் உக்காந்து எழுத நேரம் கிடைச்சுது. குன்னூர்ல ஐப்பசி மழை விடவே மாட்டேங்குது, துணி காயப்போட்டு ஆறு நாளாகியும் ஈரம் போகல, தீப்பெட்டி கூட நமத்துப் போச்சு. கொடைக்கானல்லயும் இதே கதைதான் இருக்கும்.

நீ அனுப்புன போட்டோவ பாத்தேன். மாத்திரையோட மேல் பக்கம் மட்டும் மூடி மாதிரி கழண்டு வந்திருக்கு, வாங்கிட்டு போனவரு டூப்ளிகேட் மருந்துன்னு உன் மருந்துக்கடையில வந்து சத்தம் போட்டாருன்னு எழுதியிருக்க. இத மட்டும் வச்சு டூப்ளிகேட்னு சொல்லிட முடியாதுடி. இதுதான் கேப்பிங், ஊட்டியில படிக்கறப்ப பரிட்சைக்கு நாலு வரி எழுதுனோமே அதேதான். மாத்திரை மிஷின்ல பஞ்சுங்கற இரும்புக் கம்பி டைங்கற அச்சுக்குழியில பவுடர அமுக்குறப்ப உள்ள இருக்குற காத்து வெளிய போக நேரம் வேணும், மிஷின வேகமா ஓட்டுனா காத்து உள்ளயே மாட்டிக்கும், மாத்திரை டைய விட்டு வெளிய வர்றப்ப அது விரிஞ்சு மூடிய தள்ளிவிட்டுடும். கிரானுல்ஸ், அதான் பவுடர திரட்டி செஞ்ச குருணை, ரொம்ப காஞ்சிருந்தாலோ அதுல நைசான தூள் அதிகமா இருந்தாலோ கூட இப்படி ஆகும்.

எங்கப்பா தேயிலை பாக்டரியில ட்ரையர்ல நின்னாருல்ல, தூள ஒரு பிடி கையில எடுத்து கசக்கி பாத்தே பதம் சொல்லிடுவாரு. ஈரம் 3 சதவீதம் வாக்குல நிக்கணும், கூடுனா பூஞ்சை, ரொம்ப காஞ்சா கருகல் வாடை. நான் மாத்திரை கம்பெனில சேந்த முதல் நாள் பாத்தா அங்கயும் எஃப்பிடின்னு ஒரு ட்ரையர் நிக்குது, கீழ இருந்து காத்து ஊதி காயவைக்கறது, சூடு காத்துல கிரானுல்ஸ் கொதிக்கிற மாதிரி குதிக்குது, எனக்கு அப்பா ஞாபகம் வந்து கண்ணு கலங்கிடுச்சு. ஈரம் கூடுனா பஞ்ச்ல ஒட்டிக்கும், கொறஞ்சா மூடி கழலும், அந்த பதம் மருந்துக்கு மருந்து மாறும்.

ஒரு நைட் ஷிப்ட்ல டார்கெட் முடிக்கணும்னு மிஷின் வேகத்த ஏத்திட்டாங்க. ஹார்ட்னஸ், அதான் மாத்திரையோட கெட்டித்தன்மை, எல்லாம் சரியாதான் வந்துச்சு. ஆனா உருட்டி விட்டு உதிருதா உடையுதான்னு பாக்குற ஃப்ரையபிலிட்டி டிரம்ல போட்டு நிமிஷத்துக்கு 25 சுத்துன்னு 4 நிமிஷம், மொத்தம் 100 சுத்து விட்டு திறந்தா மூணு மாத்திரை மூடி வேற உடம்பு வேறயா கிடக்குது. எடை 1 சதவீதத்துக்கு மேல கொறையக்கூடாதுங்கறது ஒரு பக்கம், ஒண்ணு உடைஞ்சாலே ஃபெயில்தான். நான் பாஸ்னு கையெழுத்து போட மாட்டேன்னு நின்னேன், விடியற வரைக்கும் திட்டு. அது சர்க்கரை மாத்திரைடி, நம்ம அம்மாங்க வயசுல இருக்கறவங்க பாதியா உடைச்சு போடுற மாத்திரை, மூடி போனா எவ்வளவு மருந்து உள்ள போச்சுன்னு யாருக்கு தெரியும்?

கெட்டியா இருந்தா நல்ல மாத்திரைன்னு நிறைய பேரு நினைக்கறாங்க, அதுவும் தப்பு, வயித்துல உதிரவும் வேணும்ல. மிஷின்ல ஒட்டாம வழுக்கறதுக்கு மெக்னீசியம் ஸ்டியரேட்னு ஒரு பவுடர ஒரு சதவீதத்துக்குள்ளதான் பெரும்பாலும் போடுவாங்க, அதையே கூட நேரம் கலக்கிட்டா கிரானுல்ஸ் மேல எண்ணெய் தடவுன மாதிரி படிஞ்சு தண்ணி உள்ள இறங்காது. கோட்டிங் இல்லாத மாத்திரை 37 டிகிரி தண்ணியில 15 நிமிஷத்துக்குள்ள கரைஞ்சு உதிரணும், இல்லன்னா வயித்துக்குள்ள கல்லு மாதிரி கிடந்து என்ன புண்ணியம்.

உன் கடைக்கு ஒரு அடையாளம் சொல்றேன். மூடி சுத்தமா கழண்டிருந்தா அது பெரும்பாலும் கம்பெனியில வந்த கோளாறு. ஊதி மெத்துன்னு ஆகி புள்ளி விழுந்திருந்தா ஈரம் பட்டது, அதுவும் ஸ்ட்ரிப்ல ஒரே ஒரு குழியில மட்டும்னா சீல் லீக். இத கண்டுபிடிக்கத்தான் நாங்க ஸ்ட்ரிப்ப நீலச்சாயத் தண்ணியில முக்கி, காத்த உறிஞ்சி வேக்கம் போட்டு, சாயம் உள்ள இறங்குதான்னு பாப்போம். அந்த பேட்ச்ல மிச்சம் இருக்கற ஸ்ட்ரிப்ப விக்காம எடுத்து வை, பேட்ச் நம்பர எழுதி ஸ்டாக்கிஸ்ட்கிட்ட குடு, அவரு கண்டுக்கலன்னா டிரக்ஸ் இன்ஸ்பெக்டர், அதான் மருந்து ஆய்வாளருக்கு எழுது, தயங்காத.

அம்மா வேற, ஆஸ்பிரின எல்லாம் ஸ்ட்ரிப்ல இருந்து உரிச்சு எவர்சில்வர் டப்பாவுல கொட்டி வச்சிருக்காங்க, நேத்து திறந்தா வினிகர் வாடை. ஈரத்துல அது சிதைஞ்சு அதுல இருந்து அசிட்டிக் ஆசிட், அதான் வினிகர்ல இருக்கற ஆசிட், வந்துடுச்சு. நம்ம ஊரு மருந்தயெல்லாம் சூட்டுலயும் ஈரப்பதத்துலயும் வச்சுதான் டெஸ்ட் பண்றாங்க, ஆனா அது ஸ்ட்ரிப்போட வச்சு பண்றது. அத்தனையும் கொட்டிட்டு புதுசு வாங்கி குடுத்தேன், முறுக்கு டப்பாவ மட்டும் இறுக்கி மூடுறீங்களேம்மான்னு கேட்டேன், ரெண்டு நாளா பேசல.

மழை விட்டதும் தை மாசம் வர்றேன். அந்த கழண்ட மாத்திரைய தூக்கி போட்டுடாத, ஒரு கவர்ல போட்டு வை, நான் நேர்ல பாக்கணும்.