கழிப்பறைக் குழாயில் சிக்கிய நூல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் வசித்து வருகிறேன். என் தங்கை குடும்பத்தினர் ஏற்காட்டில் ஆறு அறைகள் கொண்ட சிறிய தங்கும் விடுதி ஒன்றை நடத்துகிறார்கள். சென்ற மே மாதம், கோடை விழாக் கூட்டத்தில் எல்லா அறைகளும் நிரம்பியிருந்த வேளையில், விடுதியின் கழிப்பறைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துக்கொண்டன. அடைப்பெடுக்க வந்தவர் மூங்கில் பிளாச்சைக் குழாய்க்குள் விட்டு அரை மணி நேரம் போராடிய பிறகு, உறை அணியாத கையால், நூல் நூலாகப் பின்னிக் கிடந்த ஒரு பொதியை வெளியே இழுத்துப் போட்டார். "என்னங்கக்கா இது, பஞ்சாட்டம் இருக்குது, வால் வேற இருக்குது?" என்று என் தங்கையைக் கேட்டார். தங்கைக்கு விடை தெரியவில்லை. அருகில் நின்ற எனக்குத் தெரிந்திருந்தும், அந்த மனிதரிடம் சொல்ல நா எழவில்லை. ஆண்டுக்கணக்கில் பிரசவ வார்டில் வேலை பார்த்த எனக்கே இந்தத் தயக்கம் என்றால் மற்றவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்ற எண்ணம்தான் இக்கடிதத்தை எழுத வைத்தது.

அவை டேம்பான்கள். பஞ்சையோ ரேயான் இழையையோ இரண்டையும் கலந்தோ சுண்டுவிரல் நீளத்துக்கு இறுக்கிச் சுற்றி, வெளியே எடுப்பதற்காக ஒரு முனையில் நூல் கோத்திருப்பார்கள். நாப்கினை உள்ளாடையில் வைக்கிறோம்; இதைப் பிறப்புறுப்பினுள் வைத்தால் உதிரத்தை உள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும். 2018 ஜூலையில் நாப்கினுக்கு ஜிஎஸ்டி வரி நீக்கப்பட்டபோது டேம்பானுக்கும் சேர்த்தே நீக்கப்பட்டது. நீச்சல் பழகும் பெண்களும், விளையாட்டு வீராங்கனைகளும், வெளியூரில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளும் இன்று இதைப் பயன்படுத்துகிறார்கள். சேலத்துப் பெரிய மருந்துக் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். ஆனால் என் பேத்தி வாங்கி வந்த பெட்டிக்குள் இருந்த குறிப்புத் தாளில் ஒரு சொல்கூடத் தமிழில் இல்லை.

பேத்திக்கு 18 வயது. கல்லூரியில் நீச்சல் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். முதல் முறை முயன்றுவிட்டு, "அம்மாயி, எரியுது, உள்ளேயே போக மாட்டேங்குது" என்று கண்கலங்கி வந்து நின்றாள். விசாரித்தபோது காரணங்கள் எளிதாகவே புரிந்தன. உதிரப்போக்கு ஏறத்தாழ நின்றுபோன நான்காம் நாளில் முயன்றிருக்கிறாள். அதிகம் உறிஞ்சும் பெரிய அளவையே வாங்கியிருக்கிறாள். பயத்தில் உடலை விறைத்து, நின்ற நிலையில், நேர் மேலாகத் தள்ளியிருக்கிறாள். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே வலிக்கும்.

முதன்முதலாகப் பயன்படுத்துபவர் போக்கு நன்றாக இருக்கும் முதல் இரண்டு நாள்களில், மிகச் சிறிய அளவைக் கொண்டு தொடங்க வேண்டும். ஈரம் இருக்கும்போது அது தானாக வழுக்கிச் செல்லும், வறண்டிருந்தால் உராயும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின், நம் ஊர்க் கழிப்பறையில் குந்தி உட்காரும் நிலையிலேயே இதைச் செய்யலாம். அந்த நிலையில் இடுப்புத் தசைகள் தளர்வதால், பழக்கப்பட்ட நம் பெண்களுக்கு இது கூடுதல் வசதி. பிறப்புறுப்பின் பாதை நேர் மேலாகச் செல்வதில்லை. முதுகின் அடிப்பக்கத்தை நோக்கிச் சாய்ந்து செல்கிறது. ஆகவே மூச்சை மெல்ல வெளியே விட்டபடி, முதுகெலும்பின் அடியைக் குறிவைத்துச் சாய்வாக, நடுவிரல் எட்டும் ஆழம் வரை செலுத்த வேண்டும். நூல் வெளியே தொங்க வேண்டும். சரியான இடத்தில் அமர்ந்துவிட்டால் அது உள்ளே இருப்பதே தெரியாது. நடக்கும்போதோ உட்காரும்போதோ உறுத்தினால், போதிய ஆழத்துக்குப் போகவில்லை என்று பொருள். அதை எடுத்துவிட்டுப் புதியதைத்தான் வைக்க வேண்டும். எடுத்ததையே மீண்டும் வைக்கக் கூடாது. பலமுறை முயன்றும் கடுமையாக வலித்தால், வற்புறுத்தாமல் மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பதே முறை. தசைகள் தம்மையறியாமல் இறுகிக்கொள்ளும் நிலை சிலருக்கு உண்டு. அதற்குச் சிகிச்சையும் உண்டு.

உள்ளே போய்த் தொலைந்துவிடுமோ என்று பேத்தி அஞ்சினாள். தொலையாது. கருப்பைவாயின் துளை மிகச் சிறியது. அதைத் தாண்டி டேம்பான் செல்ல வழியில்லை. சிறுநீர் வரும் துளை தனி என்பதால், சிறுநீர் கழிப்பதற்காக அதை எடுக்க வேண்டியதும் இல்லை. நூலைச் சற்று ஒதுக்கிக்கொண்டால் போதும். இவற்றைவிடப் பெரிய அச்சம் ஒன்றை என் மகள், அதாவது பிள்ளையின் தாய், தயங்கித் தயங்கிக் கேட்டாள்: கன்னித்திரை என்னவாகும்? அது வழியை மூடிய கதவு அன்று. ஓரத்தில் அமைந்த, நெகிழக்கூடிய மெல்லிய சவ்வு. அதன் வடிவம் ஒவ்வொருவருக்கும் வேறுபடும். சிலருக்கு ஓட்டத்திலும் விளையாட்டிலுமே விரிந்திருக்கும். அதைப் பார்த்து ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. இந்தச் சவ்வின் பெயரால் நம் பெண்பிள்ளைகளை அச்சுறுத்துவதை நாம் நிறுத்தியாக வேண்டும்.

நேரக் கணக்கில் மட்டும் தளர்வு கூடாது. 4 முதல் 8 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். எக்காரணம் கொண்டும் 8 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நீண்ட நேரம் உறங்குவதாக இருந்தால் இரவில் நாப்கினே நல்லது. 1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், மிக அதிகமாக உறிஞ்சும் டேம்பான்களைப் பயன்படுத்திய பெண்கள் பலர் நச்சு அதிர்ச்சி நோய்க்கு ஆளானார்கள்; உயிரிழப்புகளும் நேர்ந்தன. ஸ்டெஃபைலோகாக்கஸ் என்னும் கிருமி வெளியிடும் நச்சு இரத்தத்தில் கலப்பதால் வரும் அந்நோய் மிக அரிதானது என்றாலும், வந்தால் சில மணி நேரத்தில் உடல்நிலை மோசமாகிவிடும். திடீர்க் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல், வெயிலில் வெந்தது போன்ற சிவந்த தடிப்பு ஆகியவை தோன்றினால், உடனே டேம்பானை எடுத்துவிட்டு மருத்துவமனைக்குச் சென்று, டேம்பான் வைத்திருந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரசவமான முதல் ஆறு வாரங்களிலும், வெள்ளைப்படுதலுக்காகவும் இதைப் பயன்படுத்தவே கூடாது. சேர்வராயன் மலைத் தோட்டங்களில் காலை முதல் மாலை வரை காப்பிப்பழம் பறிக்கும் பெண்களைப் போல, கை கழுவத் தண்ணீரும் மாற்றிக்கொள்ள மறைவிடமும் இல்லாமல் வேலை செய்கிறவர்களுக்கு டேம்பானை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு முதலில் வேண்டியது கழிப்பறை.

இனிக் குழாய்க்கு வருகிறேன். சிறியதாயிற்றே, பஞ்சுதானே என்று எண்ணித்தான் பலரும் அதைக் கழிப்பறையில் போட்டு ஃப்ளஷ் செய்கிறார்கள். துடைப்புத் தாள் தண்ணீரில் கரைந்து பிரிந்துவிடும். டேம்பானோ நனைந்தாலும் பிரியாதவாறு செய்யப்பட்டது. தண்ணீரில் ஊறிப் பருக்கும். அதன் நூல் குழாயின் சொரசொரப்பிலும் இணைப்புகளிலும் மாட்டிக்கொள்ள, அடுத்து வருவது அதில் சிக்க, சில வாரங்களில் குழாய் அடைத்துவிடுகிறது. தப்பிச் செல்வது செப்டிக் டேங்கில் தங்குகிறது. ஏற்காட்டு ஏரி நிரம்பினால் உபரிநீர் கிளியூர் அருவிக்குப் போகிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் நடுவே ஓடுகிறது. மலையில் வீசுவது அடிவாரத்துக்கு வராமல் இருக்காது.

பயன்படுத்திய டேம்பானை ஒரு துண்டுச் செய்தித்தாளில் இறுகச் சுற்றி, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுவதே சரியான முறை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மாதவிடாய்க் கழிவைப் பாதுகாப்பாகச் சுற்றி, மக்காத குப்பைக்குரிய தொட்டியில் சேர்க்க வேண்டும் என்றும், சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளர்களே தர வேண்டும் என்றும் கூறின. பொட்டலத்தின் மேல் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்துவிட்டால், குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளர் அதைத் திறந்து பார்க்க நேராது. புனே நகரில் குப்பை சேகரிக்கும் பெண்களின் கூட்டுறவு அமைப்பே இந்தச் சிவப்புப் புள்ளி முறையை முன்னெடுத்தது. சேலத்திலும் இது நடைமுறைக்கு வரலாம். ஈரமான பஞ்சு புகைந்து பாதியில் அணைந்துவிடுவதால் கொல்லையில் வைத்து எரிப்பதும் பயன் தராது. தீட்டுத்துணியைப் பாம்பு தாண்டினால் பிள்ளை தங்காது என்று என் பாட்டி அதை யார் கண்ணிலும் படாமல் புதைக்கச் சொல்வார். யார் கண்ணிலும் படக்கூடாது என்ற அந்தப் பழைய அச்சம்தான், நாகரிகக் கழிப்பறையில் விசையை அழுத்தும் கையிலும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது ஒரு மனிதரின் கண்ணில் படுகிறது. அவர் கையிலும் படுகிறது. சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் பாதுகாப்புக் கருவிகள் இன்றி மனிதர்களைக் கொண்டு சுத்தம் செய்விப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. எங்கள் விடுதியில் அன்று அவருக்குக் கையுறை கொடுக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது தங்கையின் விடுதியில் ஒவ்வொரு குளியலறையிலும் மிதித்துத் திறக்கும் தொட்டி ஒன்றும், அளவாக வெட்டிய செய்தித்தாள் கட்டும், தமிழில் நான்கு வரி அறிவிப்பும் இருக்கின்றன. செலவு பெரிதில்லை. சேலம், ஏற்காடு விடுதி உரிமையாளர்களும், மகளிர் கல்லூரி விடுதிகளும், பேருந்து நிலையங்களில் கட்டணக் கழிப்பறை நடத்துவோரும் இதைச் செய்ய வேண்டும். தொட்டியைக் கழிப்பறைக்கு வெளியே, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்தால் யாரும் பயன்படுத்த மாட்டார்கள்; ஒவ்வொரு அறையின் உள்ளேயும் வைக்க வேண்டும். இங்கு விற்பனை செய்யும் நிறுவனங்கள் பெட்டிக்குள் தமிழில், படத்துடன், வைக்கும் முறையையும் அப்புறப்படுத்தும் முறையையும் அச்சிட்டுத் தர வேண்டும்.

தங்கள் நாளிதழின் மகளிர் பகுதியிலும் இதைப் படத்துடன் ஒருமுறை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். உறுப்புகளின் பெயர்களை மறைக்காமல் அச்சிடத் தாங்கள் இசைந்தால், அதற்கான குறிப்புகளை எழுதித் தர நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.