மின் கட்டண உத்தரவின் பின்னிணைப்பில் நம் பெயர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மின் நிறுவனங்களின் சங்கம் வாஷிங்டனில் லாபிக்கு (சட்டம் போடுபவர்களையும் அதிகாரிகளையும் தன் பக்கம் இழுக்கும் வேலைக்கு) செலவிடும் பணம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை மொத்தத் தொகையோடு நின்றுவிட்டது. அந்தத் தொகையில் எது சேரும், எது சேராது, கடைசியில் யார் தலையில் விழும் என்பதுதான் விஷயமே.

அந்தச் சங்கத்தின் பெயர் எடிசன் எலெக்ட்ரிக் இன்ஸ்டிடியூட். தனியார் மின் நிறுவனங்களின் சங்கம் அது. 1933-இல் தொடங்கியது. கூட்டுறவு மின் அமைப்புகளுக்கும் நகராட்சி மின் அமைப்புகளுக்கும் அங்கே வேறு சங்கங்கள் உண்டு. 1995-ஆம் ஆண்டின் லாபி வெளிப்படுத்தல் சட்டப்படி, இவை ஒவ்வொரு காலாண்டும் முடிந்த 20 நாளுக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் அறிக்கை தர வேண்டும். எந்த மசோதா, எந்த அவை அல்லது துறை, பேசப் போனவர்களின் பெயர், செலவு எல்லாம் அதில் இருக்கும். எந்த உறுப்பினரைப் பார்த்தார்கள் என்பது மட்டும் இருக்காது. ஒரு வாடிக்கையாளருக்காக உழைக்கும் நேரத்தில் 20 சதவீதத்துக்கும் குறைவாக லாபியில் செலவிடுபவர் லாபியிஸ்ட் கணக்கிலேயே வரமாட்டார். முன்னாள் அதிகாரிகள் பலர் "ஆலோசகர்" என்ற பெயரோடு வலம் வர இந்த இடைவெளி வசதி.

தொகையிலும் ஒரு சிக்கல். லாபிச் சட்டத்தின் விளக்கப்படி கணக்குக் காட்டலாம். வருமான வரிச் சட்டத்தின் விளக்கப்படியும் காட்டலாம். இரண்டாவது வழியில் மாநில அளவிலான லாபியும், மக்களைத் தூண்டிக் கடிதம் எழுத வைக்கும் செலவும் சேரும். முதல் வழியில் சேராது. எந்தக் கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் இரண்டு சங்கங்களின் தொகையை ஒப்பிட்டால் தப்பான முடிவுதான் கிடைக்கும்.

இனி, பணம் யாருடையது? உறுப்பு நிறுவனம் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறது. அதில் இத்தனை சதவீதம் லாபிக்கு என்று சங்கமே ரசீதில் போட்டுத் தரும். அந்தப் பங்கை, அமெரிக்காவின் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்கு முறையில் 426.4 என்ற தலைப்பில் எழுத வேண்டும். அது பங்குதாரர் செலவு. நுகர்வோர் பில்லில் ஏறாது. மீதிச் சந்தா 930.2 என்ற பொதுச் செலவுத் தலைப்புக்குப் போகும், அது பில்லில் ஏறும். ரசீதில் போடும் சதவீதம் வரிச் சட்டத்தின் விளக்கப்படி கணக்கிடுவது. அந்த விளக்கமும் ஓரிடத்தில் குறுகலானது. ஒழுங்குமுறை அமைப்புகள் விதி போடும்போது அங்கே போய் வாதாடுவது பெரும்பாலும் அதில் வராது. ஆகவே சங்கம் செய்யும் வேலையில் கணிசமான பகுதி 930.2 வழியாக நுகர்வோர் தலையில் இறங்குகிறது. அந்த ஆணையம் 2021 டிசம்பரில் இதுபற்றிக் கருத்துக் கேட்டது. கொலராடோ, கனெக்டிகட், மெய்ன் மாநிலங்கள் 2023-இல் இதைத் தடுக்கச் சட்டமே போட்டன.

நம் நாட்டில் லாபிக்குப் பதிவேடும் இல்லை, சட்டமும் இல்லை. வால்மார்ட் இந்தியச் சந்தைக்குள் நுழைய லாபி செய்த செலவு 2012-இல் அமெரிக்க அறிக்கைகளிலிருந்துதான் நமக்குத் தெரியவந்து, நாடாளுமன்றம் அமளிப்பட்டது. நம் சந்தை பற்றிய செய்தியை அவர்கள் பதிவேட்டில் படிக்க வேண்டிய நிலை!

ஆனால் மின்சாரத்தில் ஒரு வாசல் இருக்கிறது. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 64-இன்படி மின் நிறுவனம் தன் கட்டண மனுவை வெளியிட்டாக வேண்டும். பொதுமக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகே 120 நாளுக்குள் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவெடுக்க வேண்டும். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண உத்தரவில் ஆட்சேபம், மின் வாரியத்தின் பதில், ஆணையத்தின் கருத்து மூன்றும் வரும். கருத்து அனுப்பியவர்களின் பட்டியல் பின்னிணைப்பில் இருக்கும். லாபிப் பதிவேட்டுக்கு நம்மிடம் உள்ள மிக நெருங்கிய ஆவணம் அந்தப் பின்னிணைப்புதான். ஆலைச் சங்கங்களும் மின் உற்பத்தியாளர்களும் வக்கீலோடு வருகிறார்கள். எங்கள் மாவட்டக் கடற்கரையில் தொண்டி முதல் மூக்கையூர் வரையுள்ள ஐஸ் பிளான்ட், இறால் பண்ணை, உப்பளக்காரர்களை அதில் தேடித்தான் பார்க்க வேண்டும். 2022-இல் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்த ஊர்கள் கோவை, மதுரை, சென்னை. ராமேஸ்வரத்துக்கு மதுரையே சுமார் 170 கிலோமீட்டர்.

போகாததால் என்ன நஷ்டம்? மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கரையில் கிடக்க, ஐஸ் பிளான்ட்டில் கம்ப்ரசர் ஓட்டம் குறைந்துவிடும். உயர் அழுத்த இணைப்பில், யூனிட் கட்டணம் போக, தேவைக் கட்டணம் என்று ஒன்று உண்டு. மீட்டரில் பதிவான உச்சத் தேவை, வாரியத்தோடு ஒப்பந்தம் போட்ட தேவையில் 90 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதற்குத்தான் அந்தக் கட்டணம். 150 கேவிஏ (தேவையை அளக்கும் அலகு) ஒப்பந்தம் உள்ள ஆலை தடைக்காலத்தில் 30 கேவிஏ மட்டும் எடுத்தாலும் 135-க்குக் கட்ட வேண்டும். எடுக்காத 105 கேவிஏவுக்கும் காசு.

2022-இன் பல்லாண்டு உத்தரவு 2026-27 வரைக்கும்தான். அடுத்த மனு வரும்போது "கட்டணத்தை ஏற்றாதே" என்று மட்டும் எழுதினால் ஆணையம் ஒரே வரியில் கடந்து போய்விடும். மானியம் கேட்டாலும் பயனில்லை. அது பிரிவு 65-இன்படி மாநில அரசு தர வேண்டியது. மனுவின் பக்கம், அட்டவணை எண்ணைக் குறிப்பிட்டு, மாற்ற வேண்டிய விதியைச் சொல்லி, மாற்று வாசகத்தையும் நாமே எழுதித் தர வேண்டும். உதாரணமாக, தடைக்காலப் பில்லில் 90 சதவீத விதியை நிறுத்திவைத்து, பதிவான தேவைக்கு மட்டும் கட்டணம் என்று கேட்கலாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மனுவில் ஊழியர் செலவு, பழுதுபார்ப்பு ஆகியவற்றோடு நிர்வாகச் செலவும் வரும். நிர்வாகச் செலவைப் பிரித்து, சங்கச் சந்தா, ஆலோசகர் கட்டணம், விளம்பரம் ஆகியவற்றைத் தனித்தனி வரியாகக் காட்டச் சொல்லி ஒரு கேள்வி. அமெரிக்காவில் 930.2-க்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று கேட்டதும் இதே கேள்விதான்.

பிரிவு 94(3)-இன்படி நுகர்வோர் சார்பில் பேச ஒருவரை ஆணையமே நியமிக்கலாம். கடலோர நுகர்வோருக்கு அப்படி ஒருவரையும், ராமநாதபுரத்தில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்தையும் எழுத்தில் கேட்டுப் பதிவாக்க வேண்டும். அதற்குள் ஐஸ் பிளான்ட் உரிமையாளர்கள் ஏப்ரல், மே, ஜூன் பில்களையும், அவற்றோடு ஒப்பிட மற்ற 9 மாதப் பில்களையும் எடுத்து வைக்கட்டும். பதிவான தேவை, பில் போட்ட தேவை இரண்டும் ஒரே தாளில் இருக்கும். அந்த இரண்டு எண்ணும்தான் சாட்சி.

இப்படிக்கு,
மின் நுகர்வோர் சிலர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.